சொல்லாமல் விற்ற பசு

முத்துக்குளித்துறையில் பிறந்து வளர்ந்தவன் நான். கொண்டல் எது, கச்சான் எது என்று காற்றை முகத்தில் வாங்கியே சொல்லிவிடுவேன். ஆனால் ஒரு பசுவைக் காட்டி, இது எத்தனை மாதச் சினை என்று கேட்டால் விழிப்பேன். இப்படிப்பட்டவனை ஆயர் அவர்கள் ஓட்டப்பிடாரம் வட்டாரத்தில் ஒரு கரிசல் காட்டுப் பங்கிற்கு அனுப்பி வைத்தார்கள். கடற்கரையில் ஒரு குடும்பத்திற்கு வள்ளமும் வலையும் எப்படியோ, அப்படியே இங்குத் தொழுவத்தில் நிற்கும் மூன்று நான்கு மாடுகள் என்று அறிந்துகொள்ளச் சில மாதங்கள் ஆயின. அந்தத் தொழுவங்களுள் ஒன்றில் நான் செய்த தவறொன்றைப் பற்றியே இங்கு எழுதப் போகிறேன். இது பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதன்று. சம்பந்தப்பட்ட குடும்பத்தாரின் சம்மதத்தைப் பெற்றே எழுதுகிறேன். "எழுதுங்க சாமி, நாலு பேருக்கு உதவட்டும்" என்று சொன்னவரே அந்த வீட்டுத் தலைவர்தான்.

2024ஆம் ஆண்டு ஜனவரி 17, வனத்து அந்தோனியார் திருநாள். மாட்டுப் பொங்கல் முடிந்த கையோடு வரும் நாளாதலால், கொம்பில் பூசிய வர்ணம் காயாத மாடுகளைக் கோயில் முற்றத்திற்கு ஓட்டி வருவார்கள். திருப்பலி முடிந்து மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தபின், ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் மாடு ஏதுமின்றித் தனியே வந்து நின்றார்.

"சாமி, எங்க தொழுவுக்கு ஒரு எட்டு வந்து மந்திரிச்சிட்டுப் போகணும். ஆறு மாசத்துல இது ரெண்டாவது வீச்சு."

வீச்சு என்றால் என்னவென்று எனக்கு விளங்கவில்லை. உபதேசியார்தாம் விளக்கினார். சினைப்பசு மாதம் நிறையுமுன் கன்றைத் தள்ளிவிடுவதற்குக் கன்று வீச்சு என்று பெயர். பசு கன்றைச் சுமப்பது ஏறத்தாழ ஒன்பது மாதமும் பத்து நாளும். இவருடைய பசுக்களுள் ஒன்று 2023 ஆகஸ்டிலும், மற்றொன்று பொங்கலுக்கு நான்கு நாள் முன்பும், இரண்டுமே ஏழாம் மாதத்தில், கன்றை வீசியிருந்தன.

அன்று மாலையே சென்றேன். தொழுவத்தில் மூன்று பசுக்களும் ஒரு கிடேரியும் ஒரு சிறு பெண் கன்றும் நின்றன. ஆறு நாளாகியும் அந்தப் பசுவுக்கு நஞ்சுக்கொடி முழுதாக விழவில்லை. நாற்றம் தாங்க முடியவில்லை. வீட்டுக்காரர் வெறுங்கையால் உள்ளே துழாவிக் கிழித்து எடுத்ததை ஒரு சாக்கில் கட்டி, ஊர் வழக்கப்படி ஆலமரத்துக் கிளையில் தொங்கவிட்டிருந்தார். பால் வடியும் மரத்தில் கொடியைக் கட்டினால் பசுவுக்குப் பால் பெருகும் என்பது பழைய நம்பிக்கை. காகங்கள் சாக்கைக் கொத்திக் கொண்டிருந்தன. கீழே இரண்டு நாய்கள் நின்றன. இவை யாவும் என் கண்ணில் பட்டன; கருத்தில் படவில்லை.

செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தேன். அப்போது அந்த வீட்டு மூதாட்டி, தொழுவத்தின் வெளியே ஒதுங்கி நின்ற ஓர் இளம்பெண்ணைக் கண்ணால் காட்டி, "இவ கால் வச்சதுலேருந்து தொழு வெளங்கல சாமி. அதான் உள்ள வரக்கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கோம்" என்றார். 2023 மே மாதம் நான்தான் அந்தப் பெண்ணுக்கு மணமுடித்து வைத்தவன். தலையைக் கவிழ்ந்தபடி நின்ற அவளை நான் பார்த்தேன். ஆனால் வாய் திறந்து ஒரு சொல் சொல்லவில்லை. கிழவியோடு வாதாடுவானேன் என்று ஏதோ பொதுவாக, "எல்லாம் ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லிப் புறப்பட்டேன். இது என் முதல் தவறு.

வழியனுப்ப வந்த வீட்டுக்காரர் தயங்கியபடி கேட்டார். ஆகஸ்டில் வீசிய பசு மறுபடியும் சினை பிடித்திருக்கிறது, நல்ல விலைக்குக் கேட்கிறார்கள், கொடுத்துவிடலாமா என்றார். "கவலையோடு கட்டி வைத்திருப்பதைவிட விற்றுவிடுவது நல்லதுதானே" என்று சொல்லிவிட்டேன். சொல்வதற்கு அரை நிமிடம் ஆயிற்று. இது இரண்டாவது தவறு. முதலாவதைவிடப் பெரியது என்று பிறகு தெரிந்தது.

பசு விற்கப்பட்டது. பிப்ரவரி மாத இறுதியில் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் கண்டது. பகலில் நடமாடுவார், மாலையானால் உடல் கொதிக்கும், நள்ளிரவில் வேட்டி நனையும்படி வியர்க்கும். இடுப்பும் முழங்காலும் கழன்று விழுவது போன்ற வலி. டைபாய்டு என்று மாத்திரை கொடுத்தார்கள். விட்டது, மறுபடி வந்தது. தவக்காலம் முழுவதும் இப்படியே கழிய, நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டு செல்லும் வழியில் அவர் வீட்டிற்கும் சென்று வந்தேன். உயிர்ப்புத் திருநாளுக்குப் பிறகு வேறொரு மருத்துவர் அவரைப் பரிசோதித்துவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: "வீட்டில் மாடு உண்டா? அண்மையில் கன்று வீசியதா?" பசுவுக்கும் காய்ச்சலுக்கும் என்ன தொடர்பு என்று இவர் திகைத்தார். இரத்தப் பரிசோதனை பதில் சொல்லிற்று. பசுவின் வயிற்றில் கன்றைக் கொன்ற அதே இனக் கிருமிதான் இவர் உடம்பிலும் இருந்தது. புருசெல்லா என்பது அதன் பெயர்.

மருத்துவரின் சொற்படி கால்நடை மருத்துவருக்குச் சொல்லி அனுப்பினோம். இளைஞரான அந்த மருத்துவர் கையுறை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு மாட்டின் இரத்தத்தையும் தனித்தனிக் குப்பியில் எடுத்தார். இரத்தத்தைத் தெளியவைத்து, ரோஜா நிறச் சாயமேற்றிய செத்த கிருமிக் கலவையில் ஒரு சொட்டைக் கலந்தால், நோய் தொற்றிய மாட்டின் இரத்தநீர் அதைத் தயிர்போலத் திரிய வைக்கும். தொற்றாததில் அப்படியே இருக்கும். சந்தேகம் தீர, மேற்கொண்டும் சோதனைகள் உண்டு. முடிவில் இரு பசுக்களுக்கும் நோய் உறுதியாயிற்று. கிடேரியும் கன்றும் தப்பியிருந்தன.

இவற்றுள் ஒரு பசு, 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில், மலிவாகக் கிடைக்கிறதே என்று சந்தையில் சினையாக வாங்கியது. வீட்டில் அதிகம் கறப்பதும் அதுதான். வாங்கிய மூன்றாம் மாதம் அது உயிருள்ள கன்றையே ஈன்றது; கொடி விழத் தாமதமானதைத் தவிர ஒரு குறையும் இல்லை. ஆதலால் அதன்மேல் யாருக்கும் ஐயம் எழவில்லை. கிருமி அதனோடுதான் வாசலுக்குள் வந்திருக்க வேண்டும் என்றார் மருத்துவர். மருமகள் அந்த வீட்டு வாசலை மிதிக்குமுன்பே அந்தப் பசு மிதித்தாயிற்று.

பிறகு அவர் தம் ஏட்டைப் பார்த்துக் கேட்டார். "மூன்று பசு என்றீர்கள். ஆகஸ்டில் வீசியது எங்கே?"

வீட்டுக்காரர் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தார்.

அன்று அந்த மருத்துவர் திண்ணையில் அமர்ந்து விளக்கியவற்றை இங்குச் சுருக்கமாகத் தருகிறேன். மாடு வளர்க்கும் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டியவை இவை.

கன்று வீச்சு எல்லாமே கிருமியால் வருவதன்று. மற்றொரு மாடு முட்டினாலும், நச்சுச் செடியைத் தின்றாலும், கடும் வெப்பத்தாலும் கரு கலையலாம். ஆயினும், ஒரு சிறு தொழுவத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் பசுக்கள் வீசுமாயின், தொற்று நோயையே முதலில் நினைக்க வேண்டும். எந்த மாதத்தில் வீசுகிறது என்பதில் ஒரு தடயம் உண்டு. ஊருக்கெல்லாம் ஒரே பொலிகாளை என்றிருக்கும் இடங்களில், காளையின் உறுப்பில் தங்கும் நுண்ணுயிர்கள் சில, ஒரு பசுவிலிருந்து மற்றொன்றுக்குப் பரவி, முதல் சில மாதங்களிலேயே கருவைக் கரைத்துவிடும். பசு மறுபடி பருவத்திற்கு வரும். சினையே பிடிக்கவில்லை என்று நாம் நினைத்துக்கொள்வோம். ஐந்து மாதத்திற்குப் பிறகு வீசினால் புருசெல்லாவை ஐயுற வேண்டும். எலியின் சிறுநீர் கலந்த நீரால் பரவும் எலிக்காய்ச்சல் கிருமியும் பெரும்பாலும் பிந்திய மாதங்களில்தான் கருவைத் தாக்கும். 2023 டிசம்பரில் நம் மாவட்டத்தில் பெய்த பேய்மழையை மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் கொட்டிற்று. அத்தகைய வெள்ளத்திற்குப் பின் தொழுவங்களில் தேங்கும் நீரை இந்த நோய்க்கும் அஞ்சி வடிக்க வேண்டும். இவையன்றி, மூக்கையும் மூச்சுக் குழாயையும் பற்றும் ஒரு வகை வைரசு, பூசணம் பிடித்த வைக்கோல், நாயின் மலத்தால் தீவனத்தில் கலக்கும் ஒருவகை ஒட்டுண்ணி, கோமாரியின் கடுங்காய்ச்சல் ஆகியவையும் கன்று வீச்சுக்குக் காரணமாகலாம். இவற்றுள் எது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல எந்த மருத்துவராலும் இயலாது. வீசிய கன்றும் கொடியும் இரத்தமும் சோதனைக்குப் போக வேண்டும். சாக்கில் கட்டி மரத்தில் தொங்கவிட்டால், காரணமும் அதோடு தொங்கிப் போகிறது!

புருசெல்லாவின் தந்திரம் ஒன்றுண்டு. பெரும்பாலான பசுக்கள் ஒருமுறைதான் கன்றை வீசும். அடுத்த முறை உயிருள்ள கன்றே பிறக்கலாம். "தோசம் நீங்கிவிட்டது" என்று நாம் மகிழ்வோம். ஆனால் கிருமி மடியிலும் நிணநீர்க் கழலைகளிலும் தங்கியிருந்து, பாலிலும், ஒவ்வொரு ஈற்றின்போதும் பனிக்குட நீரிலும் கொடியிலும் வெளிவந்துகொண்டே இருக்கும். வெயில் படாத ஈர மண்ணில் அது பல வாரங்கள் உயிரோடிருக்கும். பக்கத்து மாடு அந்தப் புல்லைத் தின்றாலோ, அந்த இடத்தை நக்கினாலோ போதும். நோய் தொற்றிய பசுவை முற்றிலும் குணப்படுத்தப் பயனுள்ள மருந்து கிடையாது.

மனிதனுக்கு இது பரவும் வரலாறு, நம்மைப் போன்ற துறைமுக மக்களுக்குச் சுவையானது. திருத்தூதர் பவுல் கப்பல் உடைந்து கரையேறிய மால்தா தீவை நாம் அறிவோம். அத்தீவுத் தலைவரின் தந்தை காய்ச்சலால் படுத்திருந்ததையும், பவுல் அவர்மேல் கைகளை வைத்துக் குணமாக்கியதையும் திருத்தூதர் பணிகள் நூலின் 28ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அது எந்தக் காய்ச்சல் என்று இன்று சொல்வதற்கில்லை. ஆனால் அதே தீவில், 19ஆம் நூற்றாண்டில், ஆங்கிலேயப் படைவீரர்கள் மாதக் கணக்கில் ஏறி இறங்கும் ஒரு காய்ச்சலால் வாடினார்கள். மால்டா காய்ச்சல் என்றே அதற்குப் பெயராயிற்று. 1887ஆம் ஆண்டில் டேவிட் புரூசு என்னும் படை மருத்துவர், இறந்த வீரர்களின் மண்ணீரலிலிருந்து கிருமியைப் பிரித்தெடுத்தார். அவர் பெயரால்தான் அது புருசெல்லா எனப்படுகிறது. அது எங்கிருந்து வருகிறது என்பது மேலும் 18 ஆண்டுகள் புதிராக இருந்தது. 1905இல் மால்டாவின் மைந்தரான தெமிசுடோக்கிளிசு சம்மித், நோயே இல்லாதவைபோல் கொழுகொழுவென்று திரிந்த வெள்ளாடுகளின் உடலில் அது இருப்பதைக் கண்டுபிடித்தார். ஆட்டுப் பாலே அதைப் பரப்புகிறது என்பது தெளிவாயிற்று. அதே ஆண்டில் மால்டாவிலிருந்து அமெரிக்காவுக்கு ஆடுகளை ஏற்றிச் சென்ற ஒரு கப்பலில், வழியில் அந்த ஆடுகளின் பாலைக் குடித்த மாலுமிகள் பலர் காய்ச்சலில் விழுந்தார்கள். 1906இல் படைவீரர்களுக்கு ஆட்டுப் பால் நிறுத்தப்பட்டது. அவர்களிடையே காய்ச்சலும் சட்டென்று குறைந்தது. இதற்கிடையில், டென்மார்க்கில் பெர்னார்டு பாங் என்னும் அறிஞர், பசுக்களின் கன்று வீச்சுக்குக் காரணமான கிருமியை 1897இலேயே கண்டுபிடித்திருந்தார். இரண்டும் நெருங்கிய உறவினவே என்பது 1918இல் ஆலிசு எவான்சு என்னும் அமெரிக்கப் பெண்மணியின் ஆய்வினால் தெளிவாயிற்று. ஒரு பெண் சொல்வதா என்று அவருடைய சொல்லைப் பலர் முதலில் ஏற்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கடற்கரை வாசகர்கள், "இது மாட்டுக்காரர் சங்கதி" என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நம் பகுதிக்கே உரிய கன்னி ஆடு முதலாக எல்லா ஆட்டு இனங்களுக்கும் இந்நோய் வரக்கூடும். மனிதனை மிகக் கடுமையாக வருத்துவதும் ஆட்டிலிருந்து வரும் வகைதான். நோஞ்சான் குழந்தைக்கு ஆட்டுப் பாலைக் கறந்த சூட்டோடு பச்சையாகக் கொடுக்கும் வழக்கம் ஆங்காங்கே உண்டு. அன்னையரே, அதை இன்றோடு விட்டுவிடுங்கள். நன்றாகக் காய்ச்சிய பாலில் இந்தக் கிருமி பிழைக்காது.

இனி, விற்ற பசுவின் கதைக்கு வருவோம்.

மருத்துவர் போனபின், வீட்டுக்காரரும் நானும் திண்ணையிலேயே அமர்ந்திருந்தோம். அவருக்கு இன்னும் காய்ச்சல் முழுதாக விடவில்லை. இரண்டு வகை மருந்தை ஆறு வாரம் விடாமல் உட்கொள்ள வேண்டும் என்பது கட்டளை. இடையில் நிறுத்தினால் நோய் திரும்பும். சற்று நேரம் கழித்து, "வாங்குனவரு ஒண்ணும் சொல்லலியே சாமி. அங்க போயி நாமளா ஏன் கெளறணும்?" என்றார். பிறகு அவரே, "சந்தையில எனக்கு வித்தவனும் இப்படித்தான் நெனச்சிருப்பான்" என்றார். நான் ஏதும் போதிக்க வேண்டியிருக்கவில்லை.

குருமடத்தில் அறநெறி இயல் வகுப்பில், விற்பவன் பொருளின் மறைந்த குறையைச் சொல்லக் கடமைப்பட்டவனா என்னும் கேள்வியைப் புனித தாமஸ் அக்குவினாஸ் ஆராய்வதைப் படித்திருக்கிறேன். அந்தக் குறையால் வாங்குபவனுக்கு இழப்போ ஆபத்தோ நேருமாயின், சொல்லியே ஆக வேண்டும் என்பது அவர் முடிவு. தேர்வில் அதை எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். ஆனால், "விற்றுவிடுவது நல்லதுதானே" என்று சொன்ன அந்த அரை நிமிடத்தில், அது எனக்கு நினைவுக்கு வரவில்லை. பசு ஒரு சாமானன்று. அதன் வயிற்றிலிருப்பதும் அதன் பாலில் இருப்பதும் மற்றொரு வீட்டின் பிள்ளைகளிடம் போய்ச் சேரும் என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை.

மறுநாள் இருவரும் புறப்பட்டோம். வாங்கியவர் ஓடைக்கு அப்பால் உள்ள ஊரினர். நம் சபையைச் சேர்ந்தவர் அல்லர். அவர் தொழுவத்தில் இந்தப் பசுவுடன் மேலும் இரண்டு மாடுகள் நின்றன. அரைக்கால் சட்டை போட்ட ஒரு சிறுவன், விற்ற பசுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றான். விவரத்தைக் கேட்டதும் அந்த மனிதருக்கு முகம் சிவந்தது.

"தெரிஞ்சிதான வித்தீரு?"

"வீசுனது தெரியும். நோயின்னு தெரியாது. இப்பந் தெரிஞ்சிட்டு, அதான் வந்திருக்கேன்" என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

விற்கச் சொன்னவன் நான் என்று நானும் சொன்னேன். அவர் என் வெள்ளை அங்கியை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்கப் போவதில்லை.

பசுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டு பணத்தைக் கொடுப்பது என்று முடிவாயிற்று. விற்ற பணத்தில் பாதி மருந்துக்குச் செலவாகிவிட்டது. மிச்சத்தோடு என் கைப்பணத்தையும் சேர்த்துக் கொடுத்தோம். மீதிக்கு ஆவணி வரை தவணை கேட்டு, சொன்னபடியே கொடுத்தும் தீர்த்தார். வாங்கியவருடைய இரு மாடுகளுக்கும் அப்போது நோய் காணவில்லை. சில வாரங்கள் கழித்து மறுபடி சோதித்தபோதும் காணவில்லை. பசு அங்கேயே ஈன்றிருந்தால் இந்த முடிவு வேறாக இருந்திருக்கலாம்.

நோயுற்ற மூன்று பசுக்களையும் வயற்காட்டின் ஓரத்தில் தனிக் கொட்டகையில் கட்டினார்கள். அவற்றை யாருக்கும் விற்பதில்லை. அவற்றின் பாலைக் காய்ச்சாமல் யாருக்கும் ஊற்றுவதுமில்லை. ஏழைக் குடும்பத்திற்கு இது எளிய காரியமன்று. "வயித்துல அடிச்ச மாதிரிதான் இருக்கு சாமி. ஆனா படுத்தா தூக்கம் வருது" என்றார் அவர். ஆகஸ்டு மாதம், திரும்பி வந்த பசு ஒரு பெண் கன்றை உயிரோடு ஈன்றது. மருத்துவர் சொல்லியபடி கையுறை அணிந்து, கொடியையும் நனைந்த வைக்கோலையும் ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு கொட்டிப் புதைத்தார்கள். ஆலமரத்திற்கு அன்று ஒன்றும் போகவில்லை.

இந்த நோய் வராமல் காப்பதற்குத் தடுப்பூசி உண்டு. நம் மறைமாவட்டம் உருவான அதே 1923ஆம் ஆண்டில், அமெரிக்காவில் ஒரு ஜெர்சிப் பசுவின் பாலிலிருந்து எடுத்த கிருமி, ஆய்வுக்கூடத்தில் ஓராண்டுக்கு மேல் அப்படியே கிடந்து வீரியம் குறைந்தது. அதிலிருந்து பிறந்ததே இன்றும் நாம் போடும் தடுப்பூசி. நான்கு மாதத்திலிருந்து எட்டு மாதத்திற்குள் இருக்கும் பெண் கன்றுகளுக்கு மட்டும், ஆயுளில் ஒரே முறை போட வேண்டும். காளைக் கன்றுக்கும் சினை மாட்டுக்கும் போடலாகாது. மத்திய அரசு 2019 செப்டம்பரில் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ் இது இலவசம். அந்த வீட்டுச் சிறு கன்றுக்கும் வயது தவறுமுன் போட்டாயிற்று.

புதிதாக வாங்கும் மாட்டைப் பற்றியும் ஒரு சொல். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குத் தூத்துக்குடியில் கப்பலேறிய நம் மக்களை, ஒரு காலத்தில் தட்டப்பாறை முகாமில் சில நாள் நிறுத்திவைத்து, நோயில்லை என்று கண்ட பின்னரே அனுப்பினார்கள். மனிதரை அவ்வாறு நிறுத்தியதில் கொடுமைகளும் கலந்திருந்தன. ஆனால் மாட்டுக்கு அதே விதி நன்மையே செய்யும். புதிய மாட்டை ஒரு மாதமாவது தனியே கட்டி, இரத்தத்தைச் சோதித்த பிறகு பழைய மாடுகளோடு சேருங்கள். "ஏன் விற்கிறீர்கள்? கன்று வீசியதுண்டா?" என்று கேட்டு வாங்குங்கள். விற்கும்போது, கேளாமலே சொல்லுங்கள். கன்று வீசினால் அதையும் கொடியையும் வெறுங்கையால் தொடாதீர்கள். நாய்க்கு எட்ட விடாதீர்கள். கால்நடை மருந்தகத்திற்கு உடனே சொல்லுங்கள். 1962 என்னும் எண்ணில் அழைத்தால் நடமாடும் மருத்துவ ஊர்தியும் உண்டு. திருநெல்வேலி இராமையன்பட்டியில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரியே இயங்குகிறது. நம் முன்னோர்க்கு இவ்வசதிகள் இல்லை. நமக்குச் சாக்குப்போக்கு இல்லை.

மந்திரிப்பு வீண் என்று நான் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். 2025ஆம் ஆண்டு வனத்து அந்தோனியார் திருநாளிலும் தீர்த்தம் தெளித்தேன். ஆனால் அன்று கோயில் முற்றத்தில் கால்நடை மருத்துவருக்கும் ஒரு மேசை போட்டிருந்தோம். மருத்துவரையும் மருந்தையும் படைத்தவர் ஆண்டவரே என்று சீராக்கின் ஞான நூல் 38ஆம் அதிகாரம் கற்பிக்கிறது. செபத்தை மருத்துவத்திற்கு மாற்றாக நிறுத்துவது, இரண்டையும் தந்தவரை அவமதிப்பதாகும்.

கடைசியாக, அந்த மருமகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். சோதனை முடிவு வந்த ஞாயிறன்று அவர்கள் வீட்டிற்குப் போய், எல்லாரும் கேட்க, "இந்தப் பிள்ளைமேல் பழி சொன்னபோது நான் வாய்மூடி நின்றேன், அது என் குற்றம்" என்று சொல்லி அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் ஒன்றும் பேசவில்லை. மூதாட்டி சேலைத் தலைப்பால் மூக்கைச் சிந்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

சில மாதங்கள் கழித்து நான் அந்தப் பக்கம் சென்றபோது, அவள் அதேபோல் தூர நின்றுகொண்டிருந்தாள். எனக்குப் பகீரென்றது. "இன்னும் உள்ளே விடுவதில்லையா?" என்று கேட்டேன். கொட்டகைக்குள்ளிருந்து, முழங்கை வரை கையுறை மாட்டிய மூதாட்டி தலையை நீட்டினார்.

"அவ முழுகாம இருக்கா சாமி. வயித்துப் பிள்ளைக்கும் ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. எல்லா வேலையும் நானே பாத்துக்கிடுதேன். நீங்களும் அங்கனயே நில்லுங்க."

நான் அங்கேயே நின்றேன். யாக்கோபு தன் மாமன் லாபானிடம், இருபது ஆண்டு மேய்த்தும் உம் ஆடுகள் கரு வீசியதில்லை என்று உரிமையோடு சொல்லிக்கொண்டதைத் தொடக்க நூலில் வாசிக்கிறோம். மந்தையின் வயிற்றில் வளர்வதற்கும் மேய்ப்பன் பொறுப்பாளி என்று அந்தக் காலத்திலேயே எண்ணியிருக்கிறார்கள். என் மந்தை எத்தகையது, அதில் எவரெவர் தொழுவத்திற்கு வெளியே நிற்கிறார்கள் என்று அன்றிலிருந்து சற்று உற்றுப் பார்த்து வருகிறேன். அந்த வீட்டில் தை மாதம் ஆண் குழந்தை பிறந்தது. ஞானஸ்நானத்திற்கு, ஓடைக்கு அப்பாலிருந்து அந்தப் பசுவை வாங்கியவரும் வந்திருந்தார். கூடவே அந்த அரைக்கால் சட்டைச் சிறுவனும் வந்து, பசு நலமா என்று கேட்டான்.